பொதுக்கூட்டம் முடியும்வரை நீங்கள்தான் செயற்குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

எந்த விஷயமாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் கூட்டத்தில் நீங்களே ஒப்புதல் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றி, வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொன்ன கல்வி உதவித்தொகை, மார்ச் பாதி கடந்தும் அந்த மாணவியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாயார் சங்கத்துக்கு வந்து கேட்டார். “ஏப்ரல் கடைசியில் தேர்தல். நாங்கள் யாரும் மறுபடி நிற்கவில்லை. இப்போது நாங்கள் லேம் டக், அதாவது பதவி முடியப்போகும் நொண்டி வாத்து மாதிரிதான். புதுக் குழு வந்து பார்த்துக்கொள்ளும்” என்று பதில் வந்தது. வார இறுதி வகுப்பின் வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்த நான் காதாரக் கேட்டேன். அந்த அம்மா, “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காசோலையில் இரண்டு கையெழுத்து. நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறாள். ஏப்ரலில் அடுத்த ஆண்டு தொடங்குகிறது. வீட்டில் இருப்பது அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. அதன் மூடி ஒரு பக்கம் கழன்று, திரை சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு பால்மாவு டின்னை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். பேட்டரி செத்துவிட்டதால் நூலகத்துக்குப் போனாலும் மின்செருகி உள்ள மேசையாகத் தேடித்தான் உட்கார வேண்டும். உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் இரவு 9 மணிக்கு மூடுகிறது. அதற்குள் முடிக்காத வேலையை வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தட்டுகிறாள். பாடத்துக்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருள் அந்தக் கணினியில் திறக்கவே திறக்காது. தாயார் உணவங்காடியில் தட்டு கழுவுகிறார். இதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்து மனம் இளகித்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்?

நீங்கள் சொன்ன அந்த ‘லேம் டக்’ என்ற வார்த்தை அமெரிக்க அரசியலில் அதிகம் அடிபடுவது. அங்கே நவம்பரில் தேர்தல் முடிந்தாலும் பழைய அதிபர் ஜனவரி 20 நண்பகல் வரை பதவியில் இருக்கிறார். முன்பெல்லாம் மார்ச் 4 வரை இருந்தார். அந்த இடைவெளியைச் சுருக்கிய 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1933இல்தான் நிறைவேறியது. போகிறவரால் இனி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் அவரை விட்டு விலகுவார்கள். புதிய சட்டத்துக்கு ஆதரவு திரட்ட முடியாது. பலவீனம் அங்கேதான். பதவிக்கு உரிய அதிகாரம் கடைசி நிமிடம்வரை அப்படியே இருக்கிறது.

அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரைப் பாருங்கள். 1980 நவம்பர் 4ஆம் தேதி படுதோல்வி. டிசம்பர் 2ஆம் தேதி, அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஈரானில் பிடித்துவைக்கப்பட்டிருந்த 52 அமெரிக்கர்களை மீட்கும் பேச்சைப் பதவியின் கடைசிக் காலைவரை விடவில்லை. அவரைத் தோற்கடித்த ரேகன் பதவியேற்ற சற்று நேரத்தில் அவர்கள் விடுதலையானார்கள். பெயர் யாருக்குப் போகும் என்று கார்ட்டர் கணக்குப் பார்த்திருந்தால், அந்தக் குடும்பங்களின் கதி என்ன ஆகியிருக்கும்?

உங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. நீங்களாக விலகுகிறீர்கள். இந்தக் காசோலைக்கு யாருடைய ஆதரவையும் திரட்ட வேண்டியதில்லை. யாரும் எதிர்க்கவுமில்லை.

விடைபெறும் குழுவுக்கென்று ஓர் எல்லை உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். புதிய அலுவலகத்துக்கு மூன்றாண்டு வாடகை ஒப்பந்தம் போடும் யோசனையை நீங்கள் ஒத்திவைத்தது மிகச் சரி. வரப்போகிறவர்களின் தலையில் புதுச் சுமையை ஏற்றக் கூடாது. ஆனால் உதவித்தொகை புதுச் சுமையா? முடிவு எடுத்தாயிற்று, பணம் ஒதுக்கியாயிற்று. எடுத்த முடிவை நிறைவேற்றாமல் போனால், புதுக் குழுவுக்கு நீங்கள் விட்டுச்செல்வது ஒரு கடன்தான்.

“புதுக் குழு வந்து பார்த்துக்கொள்ளும்” என்பது எத்தனை நாள் வேலை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? பொதுக்கூட்டக் குறிப்பு தயாராக வேண்டும். புதிய பொறுப்பாளர் விவரம் சங்கப் பதிவகத்துக்குப் போக வேண்டும். அப்புறம் வங்கியில் கையெழுத்திடுவோரை மாற்றப் படிவம், அடையாள ஆவணம், தீர்மான நகல். நீங்கள் பொறுப்பேற்றபோது இதே வேலை ஜூன் வரை இழுத்து, வகுப்பு ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமானதே. அன்றைக்குப் பழைய பொருளாளரை நீங்கள் எவ்வளவு கடிந்துகொண்டீர்கள்! இப்போது அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஏப்ரலில் வகுப்பு தொடங்கும் பிள்ளைக்கு ஜூலையில் கணினி வந்து என்ன பயன்?

பொதுப் பதவி என்றால் காலியான நாற்காலியையும் சும்மா விட்டுவைக்க முடியாது. 2012இல் நம் சிங்கப்பூரின் ஹவ்காங் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் இல்லாமல் போனபோது, அங்கே குடியிருந்த, துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்மணி, இடைத்தேர்தல் நடத்த உத்தரவிடக் கோரி நீதிமன்றம் போனார். அவர் கேட்ட உத்தரவு கிடைக்கவில்லை. ஆனாலும் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், பிரதமர் தம் விருப்பம்போல் தள்ளிப்போட முடியாது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் சங்கத்திலோ நாற்காலி காலியாகக்கூட இல்லை. ஆட்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எழுத ஆரம்பித்ததால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழுவின் கடைசி மூன்று மாதமும் இப்படித்தான் வீணாகிறது. ஏப்ரல் தமிழ் மொழி விழாவுக்கு நம் பங்கு என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நூலக அறையின் குளிர்சாதனம் பழுதாகி, பெரியவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தேர்தல் வரட்டும். இரண்டு வருடத்துக்கென்று ஓட்டுப் போட்டோம். ஒன்றே முக்கால் வருடத்துக்கு அல்ல. இது எனக்குக் கோபம் தருகிறது, மறைக்க விரும்பவில்லை.

குளிர்சாதனமும் விழாவும் ஒரு பக்கம் இருக்கட்டும், அவற்றைப் பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். உங்கள் உழைப்பை நான் மறக்கவில்லை. கொவிட் காலத்தில் வீடுவீடாக மளிகைப் பை கொண்டுபோனவர்கள் உங்களில் பலர். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். தயவுசெய்து இந்த மாதம் முடிவதற்குள் அந்தக் காசோலையில் கையெழுத்திடுங்கள். தலைவர் வெளியூர் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அவர் கிளம்புமுன் செய்துவிடுங்கள். வாங்கிக்கொள்ள அந்த அம்மாவை நானே அழைத்து வருகிறேன். அவருக்குப் புதன்கிழமைதான் விடுப்பு. எத்தனை மணிக்கு வரலாம் என்று செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வார இறுதி வகுப்பின் தொண்டூழிய ஆசிரியர், சங்க உறுப்பினர்