மாத்திரையைக் கொஞ்சம் கவனி, மல்லிகா

அன்புள்ள மல்லிகா,

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுப் பக்கம் மலையே தெரியவில்லை. உங்கள் புனலூரில் மழை வெளுத்து வாங்கும் என்று நினைக்கிறேன். சின்னவளுக்குத் தென்காசியிலேயே வேலை கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் நேரில்.

தினமும் தலைவலி மாத்திரை போட்டால்தான் அடுப்படிக்கே போக முடிகிறது என்று போனில் சொன்னாயே, அது மனதை விட்டுப் போகவில்லை. சைனஸ் என்று நீயே முடிவு கட்டியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சைனஸ் என்றால் கெட்டிச் சளி, மூக்கடைப்பு, பல நேரம் காய்ச்சலும் கூட வரும். உனக்கோ ஹாஸ்டலிலேயே ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், ஜன்னலைச் சாத்தச் சொல்வாய். அது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி. விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை படுத்தும். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. உன் அம்மாவும் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுப்பார்களே. மாதவிலக்கு நிற்கப்போகும் நம் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குவதால் கூடவும் செய்யும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வருவது வேறு, டென்ஷன் தலைவலி. இரண்டு பக்கமும் இறுக்கும், வாந்தி இருக்காது. கிளஸ்டர் தலைவலி என்று ஒன்று உண்டு. ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தும், கண்ணீர் வழியும், படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். அதற்கு ஆக்சிஜன் வைத்ததை வார்டில் பார்த்திருக்கிறேன்.

என் கவலை உன் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதம் தாண்டியும் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைக்கு மாதம் 10 நாளே போதும். மைக்ரேன்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நிறுத்தினால் முதலில் வலி கூடும், அப்புறம்தான் தணியும். அதனால் நீயாக எதுவும் செய்யாதே. வலி வராமல் தடுக்கவே மருந்துகள் உண்டு, நரம்பியல் மருத்துவர் பார்த்துத் தருவார். உனக்கு வீசிங் இருப்பதை மறக்காமல் சொல். அந்தத் தடுப்பு மருந்துகளில் ஒன்றான ப்ராப்ரனலால் வீசிங்கைக் கூட்டும், உனக்கு ஆகாது.

ஒரே நிமிடத்தில் உச்சத்துக்கு ஏறும் வலியோ, காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, கை கால் மரத்துப்போவதோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

அதுவரை வலி வந்த நாள், சாப்பிட்ட மாத்திரையின் பெயர் இரண்டையும் நோட்டில் குறித்து வை. அடுத்த வாரம் கொல்லம் ரயிலில் வருகிறேன், டாக்டரிடம் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
செல்வி