ட்ரிபிள்-டபிள் எண்ணும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடியற்காலையில் எழுந்து என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கும் நண்பர்களுக்கு,

யார் உண்மையான ஆல்ரவுண்டர் என்று பேச்சு வந்தாலே ட்ரிபிள்-டபிள் கணக்கை, அதாவது புள்ளி, ரீபவுண்ட் போன்ற கணக்குகளில் மூன்றில் இரட்டை இலக்கம் எடுப்பதை, எடுத்துவிடுகிறீர்கள். 1961-62 பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சனின் சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்). 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், பிறகு நிகோலா யோகிச். மூவரையும் நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ராபர்ட்சன் காலத்தில் ஸ்டீல் (எதிரணியின் பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தட்டித் தடுப்பது) இரண்டையும் என்பிஏ குறித்து வைக்கவே இல்லை. 1973-74இல்தான் அது தொடங்கியது. ஆட்டத்தின் பாதியான தடுப்பாட்டம் அந்தப் புகழ்பெற்ற கணக்கில் இல்லை.

எனக்கு முக்கியம் வேறொன்று: அணியில் எந்த இடம் காலியானாலும் அங்கே போய் நிற்க முடிகிறதா?

டிரேமண்ட் கிரீனைப் பாருங்கள். உயரம் ஆறடி ஆறங்குலம்தான். 2015 இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கிய அவருடைய அணி கோல்டன் ஸ்டேட், சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ஆண்ட்ரூ போகட்டை முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு ஆந்த்ரே இகுடாலாவை இறக்கியது. எதிரணியான கிளீவ்லாந்தின் ஏழடியைத் தாண்டிய சென்டர் டிமோஃபே மோஸ்காவை மறிக்கும் வேலை கிரீன் தலையில் விழுந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். எதிரணி ஸ்கிரீன் போட்டால் (ஒருவர் குறுக்கே நின்று தடுப்பவரை மறித்தால்) கிரீன் தயங்காமல் ஆள் மாற்றிக்கொள்வார். சென்டரைத் தள்ளிக்கொண்டு நின்றவர் அடுத்த நொடி பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டின் காலடியைத் தொடர்வார். பந்து தம் அணியிடம் இருக்கும்போதும் அப்படித்தான். சக வீரர் ஸ்டெஃபன் கரியை எதிரணியின் இருவர் சூழ்ந்தால் பந்து கிரீனிடம் வரும். அங்கிருந்து நால்வருக்கு எதிரே மூவர்தான். யாருக்குக் கொடுப்பது என்று அவர் கண நேரத்தில் முடிவெடுப்பார். 2017 பிப்ரவரியில் மெம்பிஸ் அணிக்கு எதிராக அவர் எடுத்தது வெறும் 4 புள்ளி. ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் மூன்றும் இரட்டை இலக்கம். புள்ளியில் பத்தைத் தொடாமல் ட்ரிபிள்-டபிள் எடுத்த முதல் என்பிஏ வீரர் அவர்தான்.

கிரீனுக்குத் தூரத்து ஷாட் நிலையாக விழாது என்பீர்கள். உண்மைதான், அது பெரிய குறை. மறைக்க மாட்டேன்.

அதனால்தான் எனக்கு எல்லோருக்கும் மேலே மேஜிக் ஜான்சன். 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். கணுக்கால் காயத்தால் அவர் அணியின் சென்டர் கரீம் அப்துல்-ஜப்பார் இல்லை. பாயிண்ட் கார்டான 20 வயதுப் பையன் மேஜிக் சென்டராக நடுவட்டத்தில் போய் நின்றான். அந்த 42 புள்ளிகளை நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். அவன் எந்த இடத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ரசிகன்