கல்வியியற் கல்லூரி நூலகத்தைக் கையேற்றிருக்கும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

பீடாதிபதி உங்களைக் கூப்பிட்டு முதலில் கேட்கப்போவது "என்ன புத்தகம் வாங்கவேண்டும்?" என்பதாகத்தான் இருக்கும். இந்த வருடம் ஒன்றும் வேண்டாம் சேர், முதலில் பயன்படாத புத்தகங்களைக் கழிக்க அனுமதி தாருங்கள் என்று கேளுங்கள். ஆசிரிய மாணவர்கள் நூலகத்துக்கு வராததற்குப் புத்தகக் குறைவு காரணமில்லை. பத்துப் பழைய பிரதிகளுக்கு நடுவில் நெரிபட்டுக் கிடக்கும் ஒரு நல்ல புத்தகம் யார் கண்ணிலும் படாது.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தூவி (Dewey) வகுப்பு முறையில் 370ஆம் எண்ணான கல்வியியல் இறாக்கையில் தொடங்குங்கள். 800ஆம் எண்ணான இலக்கியத்தின் பக்கம் போகாதீர்கள். இலக்கியத்தைக் கையில் எடுத்தால் வாசிக்க உட்கார்ந்துவிடுவீர்கள், வேலை நடக்காது. ஒவ்வொரு புத்தகத்தையும் சேர்க்கைப் பதிவேட்டோடு (வந்த புத்தகங்களை இலக்கமிட்டுப் பதியும் ஏடு) சரிபார்த்து, பின்னட்டையில் இரவல் திகதி குறிக்கும் தாளைப் பாருங்கள். ஐந்து வருடமாக இரவல் போகாதது சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான். திகதித் தாள் பொய் சொல்லும். உள்ளேயே இருந்து குறிப்பெடுப்பவர்களின் பயன்பாடு அதில் ஏறாது. ஆகவே "வாசித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுச் செல்லவும்" என்று ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள். மாலையில் இறாக்கைக்குத் திருப்பும்போது ஒவ்வொன்றின் தாளிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு தவணை இதைச் செய்தபிறகே எதைக் கழிப்பது என்று முடிவெடுங்கள்.

2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்ததற்கு முந்திய ஆசிரியர் வழிகாட்டிகள் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதும் பிள்ளை பிழையாகத்தான் எழுதும். வரலாற்றுக்காக ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை உசாத்துணைப் பகுதிக்கு மாற்றிவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். பழைய கணினிப் புத்தகங்களுக்கு அந்த இரக்கமும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் ஆங்கில நன்கொடைகள் விடயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது: பட்டியலைப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் ஏற்காதீர்கள். தமிழில் படித்துத் தமிழில் கற்பிக்கப்போகும் பிள்ளைக்கு அவை வெறும் சுவர்.

கழித்து முடிந்ததும் தட்டில் நான்கில் மூன்று பங்குதான் புத்தகம் நிற்கவேண்டும். இறுக்கி அடுக்கினால் முதுகின் மேல் நுனியில் விரலை மாட்டித்தான் இழுக்கவேண்டிவரும், அங்கேதான் அட்டை கிழிகிறது. கிழிந்ததற்கு செலோட்டேப் ஒட்டவே வேண்டாம். சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். வெள்ளை பைண்டிங் பசையும் மெல்லிய தாளும் போதும்.

இனி ஈரம். மலைநாட்டில் பாதி நூலகத்தை அழிப்பது இதுதான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் கவனமாக இருக்கவேண்டும். அறையின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் ஈரமானி வாங்கி, கதவருகில் அல்ல, பின்மூலையில் வையுங்கள். வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், அதில் ஈரம் படியும். அதனால் இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவையுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து 10 சென்டிமீற்றராவது உயரட்டும். காலையில் வந்ததும் ஜன்னலைத் திறக்கும் பழக்கம் வேண்டாம். பனிமூட்டம் அப்படியே உள்ளே வந்துவிடும். வெயில் ஏறிய பிறகு திறந்து, மூன்று மணிக்குள் மூடுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை இறாக்கையில் போடுவது வீண். மூடிய பெட்டிக்குள்தான் அது வேலை செய்யும். பூச்சி உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது.

பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பூஞ்சண வித்திகள் தாளுக்குள் ஏறும். தனியே எடுத்து, நிழலில், காற்றோட்டத்தில், தாள்களை விரித்து நிறுத்திக் காயவையுங்கள். பூஞ்சணம் உலர்ந்து பொடியானதும் முகக்கவசமும் கையுறையும் போட்டு, வெளியே கொண்டுபோய் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வைத்திருந்த தட்டையும் துடைத்து உலர்த்தாமல் திருப்பி வைத்தால் மறுமாதமே மறுபடி பிடிக்கும்.

பிள்ளைகளை இழுக்கும் வேலை இதற்குப் பிறகுதான். தவணைத் தொடக்கத்தில் விரிவுரையாளர்களிடம் ஒப்படைத் தலைப்புகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். அட்டை தெரிய இருபது புத்தகங்களை வாசலருகே நிறுத்தி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளைகள் விடுதியில், நூலகமோ அவர்களுக்கு நேரம் கிடைக்கிறபோது பூட்டிக்கிடக்கும். ஆகவே முப்பது புத்தகம் கொண்ட ஒரு பெட்டியை விடுதிக்கே அனுப்பி, பொறுப்பை ஒரு மாணவியிடம் கொடுங்கள். ஓரிரண்டு தொலையும். தொலையட்டும்.

மலையகத்துக்கென்று ஒரு தனி இறாக்கை கட்டாயம் வேண்டும். தூவி வகுப்பு முறையில் தேயிலைப் பயிர்ச்செய்கை 633.72, தொழிலாளர் 331, பிரஜாவுரிமை 323.6, இலங்கை வரலாறு 954.93 என்று எல்லாம் சிதறிப்போகும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவருடைய தமிழ் நூல்கள் 894.811இலும் ஆங்கிலக் கவிதைகள் 821இலும் வெவ்வேறு மூலையில் நிற்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பற்றி ஒப்படை எழுதும் பிள்ளை நாலு இடம் அலையும். எண்களை மாற்றாதீர்கள். முதுகில் ஒரு பச்சைப் பட்டி ஒட்டி ஒரே இடத்தில் வையுங்கள், நூற்பட்டியலில் 'மலையகம்' என்று குறியுங்கள். தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கோவில் மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் இங்கே வரட்டும். இந்த இறாக்கையிலிருந்து எதையாவது கழிக்க நினைத்தால், இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேமிக்க 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் அது மின்வடிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கழிக்காமல் அவர்களுக்கு அறிவியுங்கள்.

கழித்தவற்றை நீங்களாக எரிக்கவோ பழைய தாளுக்கு விற்கவோ வேண்டாம், கணக்காய்வில் மாட்டுவீர்கள். சேர்க்கை இலக்கம், தலைப்பு, விலை, கழிக்கும் காரணம் என்று பட்டியலிட்டுப் பீடாதிபதியின் கையொப்பத்தோடு வருட இறுதிப் பொருட் கணக்கெடுப்புக் குழுவிடம் கொடுங்கள். அனுமதி வந்ததும் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடிட்டுத் திகதி போடுங்கள். அதுவரை அந்தப் பெட்டிகளை ஈரமில்லாத அறையில் வையுங்கள். நனைந்துபோனால் குழுவுக்கு இலக்கம் வாசிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் மூத்த நூலகர்கள்