மாயாவியின் கை மறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், தமிழில் சூப்பர் ஹீரோ படங்கள் ஏன் நிற்பதில்லை என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஹாலிவுட்காரர்களிடம் இருக்கும் பணமும் கிராபிக்ஸும் நம்மிடம் இல்லை, காரணம் அவ்வளவுதான் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு ஒப்பவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் காமிக்ஸ் சேர்த்து வருகிறவன் நான். என் மனதில் உள்ளதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால், முந்நூறு மரம் வெட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் நன்றாக வந்துவிடும். அப்புறம் சிரட்டையில் பால் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் வாசிப்பு நேரம், சிறுவனாக அப்பாவோடு தோட்டத்துக்குப் போன காலத்திலிருந்தே. 1980ல் எனக்குப் பத்து வயது. மார்த்தாண்டம் சந்தைக்குப் போன அப்பா, தேங்காய் எண்ணெயோடும் கருவாட்டோடும் சேர்த்து, அட்டை கிழிந்த ஒரு பழைய முத்து காமிக்ஸ் வாங்கி வந்தார். இரும்புக்கை மாயாவி கதை. கருவாட்டு வாசனை இப்போது அதில் இல்லை. ஆனால் இதழ் பத்திரமாக இருக்கிறது.

பத்திரமாக வைத்திருப்பது சுலபமான காரியம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூனில் ஏறிய ஈரம் காய்வதற்குள் அக்டோபர் வந்துவிடும். நடுவில் கறையான், ராமபாணப் பூச்சி. என் இதழ்கள் இரண்டு தகரப் பெட்டிகளில், காய்ந்த வேப்பிலையோடு, கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திய பலகை மேல் இருக்கின்றன. ஜனவரி பிறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் நிழல் காய்ச்சல் போடுவேன். நேர் வெயில் பட்டால் பழைய தாள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அப்படி விரித்து வைத்து மறுபடி மறுபடி வாசித்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

இரும்புக்கை மாயாவி லண்டனில் 1962ல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் பிறந்தவர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. மறைந்த உடம்பும் கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி கரண்டைத் தேடிப் போக வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், அங்கே கதையே இருக்காது. எதிரியின் அறைக்குள் ஆளில்லாமல் ஒரு கை மட்டும் மிதந்து போகிறது, அதை யாராவது பார்த்துவிடுவார்களோ, அதற்குள் உடம்பு தெரிந்துவிடுமோ என்கிற அந்தப் பதைப்புதான் பக்கத்தைத் திருப்ப வைத்தது.

எங்கள் பக்கம் யட்சியைப் பற்றியும் மாடனைப் பற்றியும் பேசும்போது 'கட்டு' என்று ஒரு சொல் சொல்வார்கள். எவ்வளவு பெரிய சக்தியாக இருந்தாலும் அதற்கு ஒரு கட்டு உண்டு. ஓர் எல்லை, ஒரு நேரம், ஓர் இரும்பாணி, ஏதோ ஒன்று. காமிக்ஸ் நாயகனுக்கும் அப்படித்தான். படமாக எடுக்கும்போது சட்டையின் நிறத்தை மாற்றலாம், ஊரை மாற்றலாம், காலத்தை மாற்றலாம். கட்டை அவிழ்த்தால் படம் படுத்துவிடும். பணம் எத்தனை கோடி கொட்டினாலும் எழுந்திருக்காது. கட்டுரையாளர் பார்க்காமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சூப்பர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938ல் முதல் இதழில் அவர் பறக்கவில்லை, தாவத்தான் செய்தார். பிறகு பலம் கூடிக்கொண்டே போனது. அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் காமிக்ஸில் பிறந்தது இல்லை. 1943ல் வானொலித் தொடரில் வந்தது. காமிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது 1949ல்தான். அதாவது, மூலத்தில் இல்லாத ஒரு கட்டை வேறொரு ஊடகம் போட்டுக் கொடுத்து, மூலமே அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே "புத்தகத்தில் இருந்தபடியே எடுக்கவில்லை" என்று மூக்கைச் சிந்துகிற கட்சியில் நான் இல்லை.

கட்டை அவிழ்த்ததற்கு உதாரணம் வேண்டுமா? மாடஸ்டி பிளைசி, குற்றக் கும்பல் தலைவியாக இருந்து பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவுகிற காமிக்ஸ் நாயகி. லயன் காமிக்ஸ் 1984ல் தொடங்கியபோது முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. அந்த இதழை வடசேரி பஸ் நிலையத்தில் வாங்கினேன், திரும்பி வரப் பஸ் காசு பற்றாமல் பாதி வழி நடந்தேன். மாடஸ்டிக்கும் அவளுடைய வலதுகையான கார்வினுக்கும் உள்ள உறவுதான் அந்தக் கதைகளின் உயிர். ஒருவருக்காக ஒருவர் சாவார்கள், ஆனால் காதலர்கள் இல்லை. அவர்களைப் படைத்த பீட்டர் ஓ'டானல் கடைசிவரை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 1966ல் படம் எடுத்தவர்கள் ஓ'டானல் எழுதிக் கொடுத்த திரைக்கதையை ஆளாளுக்கு மாற்றி எழுதி, கடைசியில் இருவரையும் டூயட் பாட வைத்துவிட்டார்கள். பல வருடம் காத்திருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தப் பாட்டு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் ஒருவரைப் பற்றி யாரோ தப்பாகப் பேசியது மாதிரி இருந்தது.

எதிர்கால நகரம் ஒன்றில் போலீசும் நீதிபதியும் தானே ஆன ஜட்ஜ் டிரெட் கதையும் இதேதான். 1977 முதல் வருகிற அந்தக் காமிக்ஸில் அவர் முகத்தைக் காட்டுவதே கிடையாது. ஹெல்மெட்தான் முகம். அவர் சட்டம், மனிதன் பிறகுதான். 1995ல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்தபோது, பெரிய நட்சத்திரத்தின் முகம் தெரிய வேண்டாமா என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். 2012ல் கார்ல் அர்பன் படம் முழுக்கக் கழற்றவில்லை. வாயும் தாடையும் மட்டும் வைத்து நடித்தார். செலவு குறைவான படம், வசூலும் பெரிதாக இல்லை. ஆனால் என் கணக்கில் அதுதான் டிரெட். நம் ஊர் நாயகர்களுக்கு முகத்தை மறைத்து நடிக்கச் சொன்னால் சம்மதிப்பார்களா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2004ல் வந்த இரண்டாவது ஸ்பைடர்மேன். (தமிழ் காமிக்ஸ் வாசகனுக்கு ஸ்பைடர் என்றால் முதலில் நினைவு வருவது வேறொருவர், நம் கூர்மண்டை ஸ்பைடர். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்தக் கதைகளில் பலவற்றை எழுதினார் என்று பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.) அந்தப் படத்தில் ஸ்பைடர்மேனாக இருக்கும் இளைஞன் பீட்டருக்கு வாடகை கொடுக்கக் காசில்லை. மனசு குழம்பிப்போனதால் வலை வர மாட்டேன் என்கிறது. ஓடுகிற ரயிலை நெஞ்சு கிழிய நிறுத்திவிட்டு மயங்கிச் சாய்கிறான். முகமூடி இல்லாத அவனை ரயிலில் இருந்த சனங்கள் தலைக்கு மேல் கையோடு கை மாற்றித் தூக்கி உள்ளே கிடத்துகிறார்கள். எங்கள் பிள்ளை வயசுதானே என்று பார்க்கிறார்கள். நாகர்கோவிலில் அந்தக் காட்சி ஓடியபோது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஸ்பைடர்மேன் யாரென்றே தெரிந்திருக்காது.

இன்னொரு பக்கம், அச்சு அசலாக எடுத்துத் தோற்றதும் உண்டு. 1986, 87ல் வந்த 'வாட்ச்மென்' காமிக்ஸை 2009ல் படமாக்கியபோது பல காட்சிகளை ஓவியர் டேவ் கிப்பன்ஸ் வரைந்த கட்டங்களைப் போலவே அமைத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் நடப்பதை வாசகன்தானே நடத்துகிறான். நான் ஒரு கட்டத்தில் பத்து நிமிடம் நிற்கலாம், நாலு பக்கம் பின்னால் போகலாம். சினிமா யாருக்காகவும் நிற்காது. அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாக என்ன வைப்பது என்று அந்தப் படம் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2010ல் வந்த 'எந்திரன்' படத்தில் எது நினைவில் நிற்கிறது? கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் மாறியதற்குத்தான் பணம் கொட்டியிருப்பார்கள். எனக்கு நிற்பது தீப்பிடித்த கட்டிடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி காப்பாற்றும் காட்சி. உயிர் பெரிது என்று அதற்குத் தெரியும், மானம் என்றால் என்னவென்று தெரியாது. துணியில்லாமல் எல்லார் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அந்தப் பெண் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ஓர் இயந்திரத்தின் கட்டு எது என்று அதைவிடத் தெளிவாக எந்த விஞ்ஞானப் படமும் எனக்குச் சொன்னதில்லை. அதற்குக் கிராபிக்ஸ் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்?

பணம் ஒரு பொருட்டில்லை என்பதற்கு மலையாளப் படங்களே சாட்சி. குலசேகரத்தில் இருப்பவனுக்கு மலையாளம் அந்நியம் இல்லை. 2021ல் 'மின்னல் முரளி' வந்தது. நாயகன் ஒரு கிராமத்துத் தையல்காரன். அதே இடியில் அதே சக்தி பெற்ற இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்கிறவன். அவன் ஏன் கெட்டவன் ஆனான் என்பதை அந்தப் படம் சொன்ன விதத்தில் நான் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். எங்கள் தோட்டத்திலும் இடி விழுந்து மரம் கருகியிருக்கிறது. அந்த ஊர் எனக்கு என் ஊர் மாதிரியே இருந்தது.

அப்புறம் 2025ல் 'லோகா'. பெங்களூரில் இரவு வேலை பார்க்கும் அமைதியான பெண்ணாகக் கல்யாணி பிரியதர்ஷன். அவள் யார் என்று பார்த்தால், கள்ளியங்காட்டு நீலி! நாகர்கோவிலை ஒட்டிக் கள்ளியங்காடு இன்றும் இருக்கிறது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் முப்பந்தல் இசக்கியம்மன். இசக்கியையும் நீலியையும் ஒருத்தியாகவே சொல்லும் கதைகள் எங்கள் பக்கம் உண்டு. நான் நீலி கதையைக் கேட்டது கோயில் கொடையில் வில்லுப்பாட்டாக, பாட்டி மடியில் தூங்கி விழுந்துகொண்டே. வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். தலையில் ஆணி அறைந்தால் கட்டுப்படுவாளாம். சக்தியும் கட்டும் சேர்ந்து முழுசாக ஒரு நாயகி எங்கள் மாவட்டத்திலேயே இருந்தாள். அவளை சூப்பர் ஹீரோவாகப் பார்க்கும் கண் கொச்சியில் இருந்தவர்களுக்கு வந்தது, சென்னையில் இருந்தவர்களுக்கு வரவில்லை. படம் பார்த்தபோது பெருமையும் வருத்தமும் ஒன்றாக வந்தன.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவர்கள், நாயகன் நொறுங்கிப்போய் நிற்கிற இடத்தில்கூட நம் சினிமாப் பஞ்ச் வசனத்தைச் செருகிவிடுகிறார்கள். போன வருடம் என் பேரனை ஒரு படத்துக்கு அழைத்துப் போனேன். ஒருவன் சாகக் கிடக்கிறான், கொட்டகையே சிரிக்கிறது. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்து "தாத்தா, இது காமெடிப் படமா?" என்று கேட்டான். சிவகாசியில் எழுதியவர்களுக்கு இருந்த இடம், கட்டத்துக்குள் பேச்சை எழுதும் ஒரு சின்ன பலூன். அதற்குள் அடங்குகிற நாலு சொல்லில் மாயாவியையும் கார்வினையும் கிராமத்துச் சிறுவனுக்குப் புரிய வைத்தார்கள். உதட்டசைவுக்குள் அடங்குகிற நல்ல தமிழை எழுத முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் தமிழில் ஒரு படம் வரப்போவதாகப் பல வருடமாகச் செய்தி அடிபடுகிறது. அது எங்கள் மாயாவிதானா, பெயர் மட்டும்தானா, எடுப்பார்களா மாட்டார்களா என்பதெல்லாம் அவர்கள் பாடு. எடுப்பதாக இருந்தால் என் வேண்டுகோள் இது மட்டும்தான்: அந்தக் கையை மறைய விடாதீர்கள். நினைத்த நேரத்தில் நினைத்தபடி மறைகிற ஆளாக அவரை ஆக்கிவிடாதீர்கள். கரண்ட் இல்லாத ஊரில் அவரை மாட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தாலே போதும், கரண்ட் பாதி நாள் இருக்காது.

எடுக்கப் போகிறவர்களுக்குப் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும். தங்கள் அலுவலகத்துக்கு யாராவது எழுதிக் கேட்டால் என் முகவரியைக் கொடுக்கலாம். இரவல் கொடுக்க மனசு வராது. திண்ணையில் உட்கார்ந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் வாசிக்கலாம், சாயாவும் கிழங்கும் நான் தருகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். மழை நாளில் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

இப்படிக்கு,
பழைய முத்து காமிக்ஸ் வாசகன்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.