வண்டி நிற்காத எங்கள் ஸ்டேஷன்

ஆசிரியருக்கு,

மதுரை - போடி ரயில் பாதை பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1928இல் திறந்த பாதையில் 2010 கடைசி வரை இடைவிடாமல் வண்டி ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். இடையில் ஒரு தடவை தண்டவாளமே இல்லை! இரண்டாம் உலகப் போரின்போது போக்குவரத்தை நிறுத்திப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டது 1950களில்தான். தண்டவாளம் போன அந்த மேட்டில் மாடு மேய்த்ததாக என் அப்பா சொல்வார்.

உசிலம்பட்டிக்குச் சற்றுக் கிழக்கே இருந்தது எங்கள் ஸ்டேஷன். ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், இரண்டு பக்கமும் கைகாட்டி. காலை வண்டிக்குப் பால்காரர்கள் முந்திக்கொள்வார்கள். பால் கேன்களை ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டு வெளியே தொங்கவிடுவார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது கேன்கள் பெட்டியில் இடிக்கிற சத்தம் ஊருக்குள் கேட்கும். பூ மூட்டைக்காரப் பெண்கள் ஏறிவிட்டால் மதுரை வரை பெட்டி முழுக்க மல்லிகை வாசம். கெட்டி அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரத்தை ஒரே ஒருமுறை இயக்கிப் பார்க்க ஸ்டேஷன் மாஸ்டர் என்னை அனுமதித்தார். அன்று குத்திய டிக்கெட்டில் யார் பயணம் செய்தாரோ, தேதி தலைகீழாக விழுந்திருந்தது.

அகலப்பாதையாக மாற்ற 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பணி பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் வண்டி வந்துவிட்டது. எங்கள் ஊரில் நிற்பதில்லை. நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. சாலைக்குப் போனால் பஸ் கிடைக்கிறது. ரயிலுக்காக யார் காத்திருப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கட்டடத்தின் கதவு, ஜன்னல்களை எவரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் பொந்து மட்டும் மிச்சம். அதன் கீழ்விளிம்பு கை பட்டுப் பட்டு வழவழவென்று குழிந்திருக்கிறது. பெயர்ப்பலகை கருவேல முள்ளுக்குள் சாய்ந்து கிடக்கிறது. ஊர்ப் பெயரில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று கீழே எழுதிய வரியை மட்டும் இன்னும் தெளிவாகப் படிக்கலாம்.

அந்தப் பலகையை நிமிர்த்தி வைத்து, ஊர்ப் பெயரை மறுபடி எழுதினால் போதும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுது வேலை. செய்ய ஊரில் ஆள் இருக்கிறது. ரயில்வே இடத்தில் நாங்களாகக் கை வைத்தால் வழக்கு வருமோ என்றுதான் தயங்குகிறோம். யாரிடம் அனுமதி கேட்பது என்று விவரம் தெரிந்த வாசகர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்