ஆண்டறிக்கை: ஈயக் கண்ணிலிருந்து மணிச்சங்கிலிக்கு

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் நமது தூண்டில் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் இந்த வருடம் ஒழுங்காக நடந்தன. மாரி மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே ஃப்ளை கட்டும் வகுப்புக்கு வருகிறேன். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் முடியும் நூலும் சுற்றிக் கட்டும் செயற்கை இரை. நாம் அதிகம் உழைத்ததும் அதிகம் கற்றதும் அங்கேதான்.

போன வருடம் வரை நாம் கட்டிய ஃப்ளைகளுக்குப் பாரத்துக்காக வைத்தது ஈயக் கண்தான். ஆழமான இடத்துக்கு அது சரி. வாவிக் கரையில், கண்டல் வேரோரம், முழங்கால் அளவுத் தண்ணீரில் அது 'தொபுக்' என்று விழுந்தால் கொடுவா அங்கே நிற்காது. ஃப்ளையும் சேற்றுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் மணிச்சங்கிலிக்கு மாறினோம். சாவிக்கொத்திலும், கழுவுதொட்டி அடைப்பானிலும் தொங்குகிறதே, அதே சங்கிலிதான். மணிகளின் உள்ளே வெறுமை, ஆகவே பாரம் குறைவு. இரண்டு மணியைச் சேர்த்து வெட்டினால் ஒரு சோடிக் கண்.

இது புதிய வித்தை அல்ல. 1977இல் பஹாமாஸின் அன்ட்ரோஸ் தீவில், வழிகாட்டி சார்ளி சிமித்துடன் மீன்பிடித்த அமெரிக்கர் பொப் நோஹைம் கட்டிய 'கிரேசி சார்ளி' என்ற ஃப்ளைக்கும் கண் இந்த மணிகள்தான். அதுவும் ஆழமில்லாத உப்புத் தண்ணீருக்கென்றே கட்டப்பட்டது.

கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன், வகுப்புக்கு வராதவர்களுக்கும் உதவும். முள்ளின் காதுக்கு, அதாவது தூண்டில் நூல் கட்டும் வளையத்துக்கு, சற்றுப் பின்னால், தண்டின் மேல்பக்கத்தில் மணிச்சோடியைக் குறுக்காக வைத்து, நூலை எட்டுப் போல மாறி மாறிச் சுற்ற வேண்டும். அப்புறம் மணிகளுக்குக் கீழே, தண்டுக்கு மேலே, நூலைப் படுக்கை வட்டமாக நாலைந்து தரம் இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் விடுவது இந்த இரண்டாவது சுற்றைத்தான். அதை விட்டால் இரண்டு மூன்று வீச்சிலேயே கண் திருகிவிடும். கடைசியில் ஒரு துளி சுப்பர் குளூ. பாரம் மேல்பக்கம் இருப்பதால் தண்ணீரில் ஃப்ளை கவிழ்ந்து முள் நுனி மேலே பார்க்கும். வேரிலும் சிப்பியிலும் சிக்குவது நன்றாகக் குறைந்துவிட்டது. சிறிய முள்ளுக்கு 2.4 மில்லிமீற்றர் மணியும், நாம் கொடுவாவுக்குக் கட்டும் முள்ளுக்கு 4.8 மில்லிமீற்றரும் வைத்தோம்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலில் விலை மலிவென்று வாங்கிய சங்கிலி முலாம் பூசிய இரும்பு. வாவியின் உப்பில் நனைந்த ஃப்ளைகளைக் கழுவாமல் பெட்டியில் வைத்துவிட்டோம். ஒரு கிழமைக்குள் துரு ஏறி, வெள்ளை முடியெல்லாம் செம்மஞ்சளாகிவிட்டது. பிள்ளைகள் இரவிரவாகக் கட்டியவை அவை, எனக்கு மிகவும் மனவருத்தம். இப்போது வாங்கும்போதே காந்தம் வைத்துப் பார்க்கிறோம். பலமாக ஒட்டினால் வேண்டாம். பித்தளை அல்லது நல்ல எவர்சில்வர்தான்.

கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை எறியும் பெரியவர் ஒருவர் நமது ஃப்ளையைக் கையில் வாங்கி, "இறாலுக்குக் கண் வெளியே தள்ளித்தானே தம்பி நிக்கும், இதுவும் அப்படித்தான் கிடக்கு. ஆனா இறால் கண் கறுப்பு" என்றார். அடுத்த வகுப்புக்கே ஒரு தங்கச்சி கறுப்பு நகப்பூச்சு கொண்டுவந்து மணிகளுக்குப் பூசிவிட்டார். என் கண்ணுக்கு இந்த வருடம் கட்டியதில் ஆக அழகானவை அவைதான். கச்சான் காற்று அடங்கிய ஒரு விடியலில், பாலமீன்மடுப் பக்கம் அதில் ஒன்றைத்தான் செப்பலி மீன் எடுத்தது.

வரும் வருடம் வகுப்பை மாதம் இரண்டு தரம் நடத்தக் குழு விரும்புகிறது. கட்டும்போது முள்ளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான் ஒன்றுதான் இருக்கிறது, இன்னுமொன்று வாங்கச் சபையின் அனுமதி வேண்டும். வீட்டில் உடைந்த சாவிக்கொத்து இருந்தால் எறியாமல் கொண்டுவாருங்கள், காந்தம் நம்மிடம் இருக்கிறது. இவ்வறிக்கையைச் சபை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்