காலை ஊன்றாதே, கோமதி

அன்புள்ள கோமதி,

இங்கு அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஏழு மாதங்களைக் கடத்திவிட்டேன். சோம்பலைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லாததால் அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம். உன் தங்கை மகள் படிப்பை முடித்ததில் மிக்க மகிழ்ச்சி. உன் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருந்ததைத்தான் நான் நம்பவில்லை. மூட்டுவலிக்காரி எவளும் அப்படியொரு கடைசி வரியை எழுதமாட்டாள்.

அந்தக் கடைசி வரிதான் இன்று என்னை எழுத உட்கார வைத்தது. விடுமுறையில் மணற்குன்றுகளுக்குப் போவதாகவும், வழிகாட்டியுடன் குவாட் பைக் ஓட்டுவதற்குப் பதிவு செய்துவிட்டதாகவும், 'இருக்கை நீளமாகத்தான் இருக்கிறது, பேரனைப் பின்னால் உட்காரவைத்துக்கொள்வேன்' என்றும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன். மூன்று வாரங்களுக்கு முன்பு அதே வகை வண்டியில், அதே போன்ற மணலில் நான் போய்வந்தேன் என்பதும், இதை எழுதும் இந்த நேரத்தில் என் வலது கால் தலையணை மேல் கிடக்கிறது என்பதும் உனக்குத் தெரியாது. வீட்டில் இவருக்கும் தெரியாது. மாடிப்படியில் சறுக்கியதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அறிந்தவள் என் தம்பி மகள் ஒருத்திதான். அவள் வாயை மூடிவைக்க நான் என்னென்ன இழந்துகொண்டிருக்கிறேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

போகும்போது எனக்கிருந்த கர்வத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவளுக்கு நான்கு சக்கரத்தில் நிற்கிற, தானாகக் கியர் மாறுகிற ஒரு வண்டியை ஓட்டுவதில் என்ன பெரிய கஷ்டம் என்ற எண்ணம். குன்றுகளுக்குள் அழைத்துப் போவதற்கு முன்பு, சமதரையில் எங்கள் எட்டுப் பேரையும் நிறுத்தி வழிகாட்டி இருபது நிமிடம் பேசினார். கடைசி பெஞ்சைத் திட்டித் திட்டியே பணிக்காலத்தை ஓட்டிய நான், அன்று கடைசி பெஞ்சாக நின்று, தூரத்தில் குன்றுகளின் நிறம் மாறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னவற்றில் பாதிதான் காதில் விழுந்தது. விழாத பாதியில் என் கணுக்கால் இருந்தது.

காதில் விழுந்த பாதியைச் சொல்கிறேன். வேகத்தைக் கூட்டுவதற்கு ஸ்கூட்டரில் போலப் பிடியைத் திருகுவதில்லை. வலது கைப்பிடியின் கீழே நீண்டிருக்கும் சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் எதற்கு இந்த விசித்திரம் என்றிருந்தது. மேடு பள்ளத்தில் குலுங்கித் தூக்கிப் போடப்பட்டு, உயிரைக் கையில் பிடிப்பதுபோல் கைப்பிடியை இறுகப் பற்றியபோதுதான், அது திருகுபிடியாக இருந்திருந்தால் பயத்திலேயே வேகத்தைக் கூட்டியிருப்பேன் என்பது விளங்கியது. வண்டியை அணைக்கும் பொத்தானிலிருந்து ஒரு சுருள்கயிறு புறப்பட்டு நம் மணிக்கட்டில் மாட்டப்பட்டிருக்கும். நாம் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் நெடிய கம்பியில் ஒரு கொடி. அலங்காரம் என்று நினைத்தேன். குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருபவருக்கு நம் தலை தெரிவதற்கு முன்பு கொடி தெரிய வேண்டும் என்பதற்காக அது. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளில் தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் கொடி இல்லாமல் வண்டியை இறக்கவே கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

என் வண்டியின் டயர்கள் காற்றிறங்கிக் கிடந்தன. பெருந்தன்மையுடன் அதை நான் வழிகாட்டியிடம் சுட்டிக்காட்ட, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டு வண்டிகளையும் காட்டினார். இயற்பியல் படித்து அதையே சொல்லிக்கொடுத்துச் சோறு தின்ற எனக்கு அது உறைக்காமல் போனதே! காற்று குறைந்தால் டயர் பரந்து படியும், எடை அதிகப் பரப்பில் பரவும், மணலில் புதையாது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்தபோது கையாண்ட உத்திகளில் இதுவும் ஒன்று. ஊர் திரும்பிய பிறகும் மணல் அவரை விடவில்லை. செயற்கைக் காற்று வீசும் குழாய் ஒன்றை அமைத்து, மணல் துகள் எப்படித் துள்ளித் துள்ளி நகர்கிறது என்று ஆராய்ந்தார். நம் ஆய்வகத்தில் இருந்திருந்தால் உன்னை அவர் ஒரே நாளில் வெளியேற்றியிருப்பார்.

ஏனென்றால் குன்றில் ஏறியதும் எனக்கு நினைவுக்கு வந்தது, ஆய்வகத்தில் மணலின் சாய்வுக் கோணத்தை அளந்துவிட்டு 34 ஐத் தலைகீழாக நீ எழுதி வைத்த அந்த 43 தான். காற்று வரும் பக்கம் குன்று மெல்ல மெல்ல உயர்கிறது, மணல் இறுகி உறுதியாக இருக்கிறது. முகட்டைத் தாண்டிய மறுபக்கத்தில் துகள்கள் உதிர்ந்து விழுந்து, உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வில், ஏறத்தாழ 34 பாகையில், நிற்கிறது. நாம் புனலில் மணலைக் கொட்டிக் கோணமானியை வைத்து அளந்த அதே கோணம், கோமதி, மூன்று மாடி உயரத்துக்கு என் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் முன்சக்கரங்களை வைத்துக் கீழே பார்த்தபோது, நீ 43 என்று எழுதியது சரிதானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அதில் இறங்கினேன். எத்தனை பயமாக இருந்ததோ அத்தனை இனிமையாகவும் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஏறும்போது உடலை முன்னால் சாய்த்து, பாதியில் நிற்காமல் ஒரே சீராக ஏற வேண்டும். முகட்டை எட்டும் தறுவாயில் கட்டைவிரலைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் நாம் அங்கே போய்ச் சேர்ந்திருப்போம். வழிகாட்டி முதலில் ஏறி முகட்டில் நின்று, எட்டிப் பார்த்து, கையை உயர்த்தி ஒவ்வொருவராக அழைப்பார். இறங்கும்போது உடலைப் பின்னுக்குத் தள்ளி, நேர்கோட்டில், எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி விட்டுவிட வேண்டும். பயந்து முன் பிரேக்கை இறுக்குபவர் தலைகுப்புறப் போவார். நம்மோடு சேர்ந்து மணலும் வழிந்து இறங்குகிறது. ஆற்றில் இறங்குவதுபோல் இருக்கிறது. சில பாலைவனங்களில் இப்படிச் சரியும் மணல் முரசுபோல முழங்கும் என்பார்கள். பாலைவனத்தில் கேட்ட முழவொலியைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். ஹெல்மெட்டுக்குள் எஞ்சினின் உறுமலையும் என் அலறலையும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

இனி உனக்காகவே எழுதும் பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படி.

திரும்பும் வழியில், ஒரு குன்றின் இடுப்பில் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தோம். 'என் தடத்திலேயே வாருங்கள், ஒரு முழம்கூட விலகாதீர்கள்' என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். முன்னால் போன வண்டி வாரி இறைத்த மணல் என் கண்ணாடியில் அடித்தது. அதைத் தவிர்ப்பதற்காகத் தடத்தை விட்டுச் சற்றே கீழே இறங்கினேன். வெயில் உச்சியில் இருந்ததால் நிழலே இல்லை. நிழல் இல்லாத மணலில் மேடும் பள்ளமும் ஒரே தாளாகத் தெரியும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அங்கே சரிவு கூடுதலாக இருந்திருக்கிறது, மணலும் பொலபொலவென்று இருந்திருக்கிறது. வண்டி வலப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. உடலை மேட்டுப் பக்கம் எறிந்திருக்க வேண்டும். காது கொடுக்காத பாதியில் அவர் அதைத்தான் சொல்லியிருந்தார். ஸ்கூட்டர் சாய்ந்தால் நீயும் நானும் என்ன செய்வோம்? யோசிக்காமல் காலை ஊன்றுவோம். ஊன்றினேன். அடுத்த நொடி, பின்சக்கரம் என் குதிகால் மேல் ஏறிக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றது. வண்டி, அவசரமே இல்லாமல், யாரோ பக்கத்தில் படுக்க வருவதைப்போல, என் அருகில் சாய்ந்து மணலில் புதைந்து நின்றது. அதன் எடை 200 கிலோவுக்கு மேல். மணல் இன்னும் கொஞ்சம் இறுகலாக இருந்திருந்தால் அது நிற்காமல் உருண்டிருக்கும், அது உருள வேண்டிய பாதையில் நான் கிடந்தேன்.

வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. எல்லோரையும் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, மேலே ஒருவரைக் கொடியுடன் நிற்க வைத்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றாமலேயே கால்விரல்களை அசைக்கச் சொன்னார். அசைந்தன. அதன் பிறகுதான், 'ஸ்கூட்டர் ஓட்டுவீர்களா?' என்று கேட்டார். ஆமாம், முப்பத்தைந்து ஆண்டுகளாக, என்றேன். 'நினைத்தேன். ஓட்டத் தெரியாதவர்கள் காலை ஊன்றுவதில்லை' என்றார். என் கர்வத்தின் கதை அந்த இடத்தில் முடிந்தது.

அடி கோமதி, அந்த நேரத்தில் என் பின்னால் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தால்? உன் கடிதம் வந்ததிலிருந்து இதே கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நீ நம்பியிருக்கும் அந்த நீள இருக்கை இன்னொருவருக்காகச் செய்யப்பட்டதில்லை. ஏறும்போது முன்னாலும், இறங்கும்போது பின்னாலும், சரிவில் பக்கவாட்டிலும் ஓட்டுபவர் நகர்வதற்காக விடப்பட்ட இடம் அது. அங்கே ஒருவனை உட்காரவைத்தால் உன்னால் நகர முடியாது. அவனோ எதிரே என்ன வருகிறது என்பது தெரியாமல் உன்னைக் கட்டிக்கொண்டு, நீ சாய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வான். ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏறக்கூடாது என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். எடுக்கும்போது படித்துப் பார். பின்சாய்வு வைத்து, சக்கரங்களுக்கிடையே நீளம் கூட்டி, இருவருக்கென்றே செய்யும் வண்டிகளும் உண்டு. ஆனால் அதிலும் சின்னப் பையனை ஏற்றாதே.

இது என் தனிப்பட்ட பயம் என்று ஒதுக்கிவிடாதே. இந்த வண்டிகள் 1970 வாக்கில் மூன்று சக்கரத்துடன் சந்தைக்கு வந்தபோது எல்லோரும் இவற்றைப் பெரிய பொம்மையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கவிழ்ந்து கவிழ்ந்து, 1988 இல் அமெரிக்க அரசு தயாரிப்பாளர்களுடன் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டால் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. பெரிய எஞ்சின் வண்டிகளை 16 வயது நிறையாதவர்கள் ஓட்டுவதற்காக விற்கக்கூடாது என்பதும் அப்போது வந்ததுதான். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் கழகமோ ஓட்டுவதற்கு மட்டுமல்லாமல் ஏறி உட்காருவதற்கே 16 வயது ஆக வேண்டும் என்கிறது. படுத்துக் கிடக்கும் காலில் வேறென்ன வேலை, இதையெல்லாம்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பேரன் அழுவான், தெரியும். அவனுக்கு ஒரு மணற்பலகையை வாங்கிக்கொடுத்து, கீழே மணல் விரிந்து முடிகிற, தாழ்வான சரிவில் உட்கார்ந்து சறுக்கச் சொல். நீ வண்டியில் திரும்பி வரும்போது அவன் பத்தாவது முறை ஏறிக்கொண்டிருப்பான். நீ தாராளமாகப் போ. உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. கணுக்காலை மூடும் ஷூவுடன், காலையிலோ மாலையிலோ, நிழல் நீண்டு மேடு பள்ளம் தெரிகிற வேளையில் போ. முன்னால் ஒரு வழிகாட்டியும் பின்னால் ஒருவரும் வராத குழுவில் சேராதே. சொல்லிக்கொடுக்காமலே சாவியைக் கையில் கொடுப்பவரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு. தடத்தை விட்டு விலகாதே என்பது உனக்கு மட்டுமான எச்சரிக்கையும் இல்லை. குன்றின் மேலுள்ள தடத்தை அடுத்த காற்று அழித்துவிடும். ஆனால் நமீபியாவின் கடலோரப் பாலையில் குன்றுகளுக்கு அப்பாலுள்ள சரளைச் சமவெளியில், கல்லோடு கல்லாக ஒட்டி வளரும் லைக்கன் என்ற பாசிபோன்ற சிற்றுயிர்களின் மேல் ஒருமுறை பதிந்த சக்கரத்தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாமல் கிடக்கிறதாம். தரையிலேயே முட்டையிடும் சிறு ஆலாப் பறவைகள் வேறு அங்கே இருக்கின்றன. நான் விலகியது பறவையின் முட்டை மேல் இல்லாமல் என் முட்டாள்தனத்தின் மேல் மட்டுமே என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்று. கால் ஆறியதும் நான் மறுபடி போகப்போகிறேன். தம்பி மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். இம்முறை முதல் பெஞ்சில் நிற்பேன்.

நீ ஏழு மாதம் காத்திருந்து பழிவாங்காமல் உடனே பதில் எழுது. நீளமாக எழுத நேரமில்லை என்றால், பேரன் வண்டியில் ஏறமாட்டான் என்பதற்கு அடையாளமாக அஞ்சலட்டையில் 34 என்று மட்டும் எழுதிப் போடு. 43 என்று வந்தால் நொண்டிக்கொண்டாவது கிளம்பி வந்துவிடுவேன். இவரிடம் அதற்கும் ஏதாவது மாடிப்படிக் கதை சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
வசந்தா